சோதிக்காத இரத்தத்துக்கு வந்த றிப்போட்

நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து அனுப்பிய கேள்வி போன கிழமை கிடைத்தது. சேவர் அறைக் கையேட்டின் ஆறாம் பக்கத்திலுள்ள ஒரு விதியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேலி என்கிற பாதுகாப்பை நிறுத்துவதென்றால் இரண்டு பேர் கையொப்பமிட வேண்டும், நிறுத்திய நாளையும் திரும்பப் போடும் நாளையும் எழுதிக் கதவில் ஒட்ட வேண்டும் என்கிற விதி. ஒரு கட்டளையைத் தட்டினால் முடிகிற காரியத்துக்கு ஏன் இவ்வளவு சடங்கு, யார் இதை எழுதியது என்று கேட்கிறீர்கள்.

எழுதியது நான்தான். இரண்டு வரியில் பதில் அனுப்பலாமென்று உட்கார்ந்தேன். இரண்டு வரியில் சொன்னால் அது உங்களுக்கு இன்னொரு விதியாகத்தான் தெரியும். ஆகையால் நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். நேரமிருக்கும்போது வாசியுங்கள்.

அப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது. தரவுத்தளங்களோடு வாழ்ந்து இருபது வருடம் தாண்டியிருந்தது. புதிதாக வந்தவள், தெரியாமல் செய்துவிட்டாள் என்று என்னை யாரும் மன்னிக்க வழியில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரிப் பிழைகள் உங்களைப் போன்றவர்கள்தான் செய்வார்கள் என்று அலுவலகங்களில் ஒரு நினைப்பு இருக்கிறது. என் அனுபவத்தில் புதியவர்கள் பயந்து பயந்து செய்வார்கள். பழகியவர்கள்தான் பார்க்காமல் செய்வார்கள்.

அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான், இப்போது கொஞ்சம் பெருத்திருக்கும். அன்று கிரிட் என்கிற எங்கள் சேவர் தொகுதியில் ஆறு சேவர்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே சேமிப்பகம். நாங்கள் அதைப் பெட்டி என்போம். ஆறில் இரண்டு சேவர்கள் ஐந்து வைத்தியசாலைகளின் ஆய்வுகூடத் தரவுத்தளத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. ஒன்று வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். வேலை செய்வது விழுந்தால் காத்திருப்பது பெட்டியைப் பொறுப்பெடுக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் பெட்டியில் எழுதக்கூடாது. இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே கொப்பியின் ஒரே பக்கத்தில் எழுதினால் என்ன ஆகுமோ, அது ஆகும். அதைத் தடுக்கத்தான் வேலி. மற்றச் சேவரோடு கதைக்க முடியவில்லை என்றால், அது உயிரோடிருக்கிறதா இல்லையா என்று யோசித்துக்கொண்டிராமல், முதலில் அதன் மின்சாரத்தை வெட்டிவிட்டுத்தான் இது எழும்பும். அவ்வளவுதான் வேலி.

அந்த வருடம் மாரி தொடங்கியபோது மின்னழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு சேவரையும் இணைக்கிற வலையமைப்புச் சுவிச் ஒரு கணம் மங்கும். உடனே வேலி நல்லபடி இருந்த சேவரை வெட்டிவிடும். ஒரே கிழமையில் மூன்று தடவை அப்படி நடந்தது. ஒவ்வொரு தடவையும் ஐந்து ஆய்வுகூடங்களும் கால் மணித்தியாலம் நின்றன. எங்கள் பணிப்பாளருக்கு வைத்தியசாலைகளிலிருந்து அழைப்பு வரும், அவர் என்னை அழைப்பார். மூன்றாம் தடவை அவர் குரலை உயர்த்தவில்லை. “என்ன, இதுக்கு ஒரு வழி இல்லையோ” என்று மட்டும் கேட்டார். எனக்கு அது குரலை உயர்த்தியதைவிட மோசமாகப் பட்டது.

நான் வேலியை நிறுத்தினேன்.

சிவநேசன் பக்கத்தில்தான் இருந்தார். கேபிள், சுவிச், சேவர்களின் இரும்பெல்லாம் அவர் பொறுப்பு. கொடிகாமத்து ஆள், என் வயதுதான், பன்னிரண்டு வருடம் என்னோடு அதே அறையில் இருந்தவர். அவர் வாதாடமாட்டார். கேள்விதான் கேட்பார்.

“எத்தினை நாளைக்கு?”

“புது யூபிஎஸ் வரும் வரைக்கும்.”

“வந்த உடனை போடுவியளோ?”

“ஓம்.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். யூபிஎஸ் ஏழாம் கிழமை வந்தது. அவரே பொருத்தினார். அதற்குப் பிறகு மின்சாரம் எப்படி ஆடினாலும் சுவிச் மங்கவில்லை. வேலியைத் திரும்பப் போட வேண்டியதுதான் மிச்சம். போடுவதென்றால் ஒரு சோதனை செய்ய வேண்டும், சோதனைக்கு ஐந்து ஆய்வுகூடங்களையும் அரை மணி நேரம் நிறுத்த வேண்டும், அதற்கு எல்லாரிடமும் அனுமதி வாங்க வேண்டும். மறந்துவிட்டேன் என்று நான் பிறகு எங்கும் எழுதவில்லை, ஏனென்றால் மறக்கவில்லை. எல்லாம் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. யாரும் என்னை அழைக்கவில்லை. அந்த அமைதியை நானே கலைக்க விரும்பவில்லை. சிவநேசன் ஒருமுறை கேட்டார். அடுத்த கிழமை என்றேன். இரண்டாம் முறை அவர் கேட்கவில்லை.

அது ஒரு திங்கட்கிழமை. திங்களில் எல்லா வைத்தியசாலைகளிலும் கிளினிக். காலை பத்து மணிக்குச் சற்று முன்பு என் திரையில் இரண்டாம் சேவர் சிவப்பாகியது. அன்று வேலை செய்துகொண்டிருந்தது அதுதான். ஒரு நிமிடத்துக்குள் தொலைபேசி அடித்தது. ஒரு வைத்தியசாலை, ஒன்றும் வேலை செய்யவில்லை என்றது. வைப்பதற்குள் இன்னொன்று.

சிவநேசன் அன்று காலை அரைநாள் விடுமுறை. தாயாரைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருந்தார். நான் முதலாம் சேவருக்கு, நீ எழும்பு என்று கட்டளை கொடுத்தேன். வேலி இல்லாததால் அது தானாக எழும்பாது. என்னைக் கேட்டது. மற்றச் சேவர் நின்றுவிட்டது என்று உறுதிப்படுத்துகிறீர்களா என்று தெளிவான ஒரு கேள்வி. பதிலாக முழுச் சொல்லைத் தட்டெழுத வேண்டும். விரல் தவறிப் பட்டுவிட்டது என்று சொல்ல முடியாதபடி அதைச் செய்தவர்கள் கவனமாகச் செய்திருந்தார்கள்.

சேவர் அறை ஒரு மாடி கீழே. இருபத்துநாலு படிகள். பிறகு எண்ணினேன். இறங்கிப் பார்த்துவிட்டு வர இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. தொலைபேசி மூன்றாம் தடவை அடித்துக்கொண்டிருந்தது. நான் அந்தச் சொல்லைத் தட்டினேன்.

முதலாம் சேவர் பச்சையாகியது. அழைத்த இரண்டு வைத்தியசாலைகளும் வேலை செய்கிறது என்றன. பணிப்பாளரை அழைத்து, ஒரு சேவர் விழுந்தது, மற்றதற்கு மாற்றிவிட்டேன், நாலு நிமிடந்தான் என்றேன். அவர் நன்றி சொன்னார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

நான் கவனிக்காதது ஒன்று இருந்தது. சேவர் உண்மையாகவே விழுந்திருந்தால் ஐந்து வைத்தியசாலைகளும் அழைத்திருக்க வேண்டும். இரண்டுதான் அழைத்தன. மற்ற மூன்றும் ஏன் பேசாமல் இருக்கின்றன என்று நான் கேட்கவில்லை. அடித்த தொலைபேசிதான் என் காதில் விழுந்தது.

அந்த மூன்றில் ஒன்றிலிருந்து எட்டு நிமிடம் கழித்து யஸ்ரினா அழைத்தார். நகரத்திலிருந்த வைத்தியசாலையின் ஆய்வுகூடத்தில் இரத்தப் பரிசோதனைகளைச் செய்கிறவர். குருநகர்ப் பெண், தகப்பனும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். முப்பத்திரண்டு வயதிருக்கும். தேவையில்லாமல் எங்களை அழைக்கிறவர் இல்லை.

“அக்கா, இஞ்சை ஒரு ஆளுக்குப் பொற்றாசியம் றிப்போட் வந்திருக்கு,” என்றார். “ஆனா அவரின்ரை இரத்தத்தை நான் இன்னும் மெசினிலை வைக்கேல்லை.”

நேற்றைய றிப்போட்டாக இருக்கும், பெயரை மாறிப் பார்த்திருப்பீர்கள், வடிவாய்ப் பாருங்கோ என்றேன். இந்தத் தொழிலில் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது எதிர்ப்பக்கத்து மனிதரைத்தான்.

“பாத்திட்டன். இண்டைய திகதி, இப்பத்தைய நேரம். இரத்தம் எடுத்த ரியூப் என்ரை கையிலை இருக்கு அக்கா.”

அந்த வசனம் இன்றைக்கும் அதே குரலில் எனக்குக் கேட்கும். உங்கள் தொடர்பு நடுவில் எப்போதாவது அறுந்ததா என்று கேட்டேன். இல்லை, காலையிலிருந்து ஒரு பிரச்சினையும் இல்லை என்றார். நான் தொலைபேசியை வைக்காமலே எழும்பி ஓடினேன்.

கீழே இரண்டு சேவர்களும் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டாம் சேவர் விழவேயில்லை. நடுவிலிருந்த சுவிச்தான் செத்துக் கிடந்தது, அதில் ஒரு விளக்கும் இல்லை. இரண்டு சேவர்களும் ஒன்றையொன்று காணவில்லை. அந்தச் சுவிச் வழியாக இரண்டாம் சேவருக்கு வந்த இரண்டு வைத்தியசாலைகளின் பாதையைத்தான் அது தன்னோடு கொண்டுபோயிருந்தது; முதலாம் சேவருக்கு வர அவற்றுக்கு வேறு பாதை இருந்தது. மற்ற மூன்றும் ஒன்றும் தெரியாமல் இரண்டாம் சேவரோடேயே வேலை செய்துகொண்டிருந்தன. நான் எழுப்பிவிட்ட முதலாம் சேவர், தான் மட்டுந்தான் மிச்சம் என்று நம்பி அதே பெட்டியில் எழுதிக்கொண்டிருந்தது. பெட்டியின் விளக்குகள் இரண்டு பக்கத்திலும் சிமிட்டிக்கொண்டிருந்தன. பார்க்க மிகவும் ஆரோக்கியமாக இருந்தது.

இரண்டு சேவர்களும் புதிதாக வருகிற இரத்தத்துக்கு ஒரே இலக்கத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தன என்பதை விளங்கிக்கொள்ள அதிக நேரம் எடுக்கவில்லை. ஒரு வைத்தியசாலையில் ஒருவருக்குக் கொடுத்த இலக்கம், இன்னொரு வைத்தியசாலையில் வேறொருவருக்கும் போயிருந்தது. ஒருவருடைய முடிவு மற்றவருடைய பெயருக்குக் கீழே போய் உட்கார்ந்தது.

நிறுத்த வேண்டும். நிறுத்தினால் ஐந்து வைத்தியசாலைகளும் கிளினிக் நாளில் குருடாகும். இப்படியொரு முடிவை எடுக்கப் பணிப்பாளரின் அனுமதி தேவை. அனுமதி கேட்டால் அவர் ஏன் என்பார், நான் விளக்க வேண்டும், அவர் யோசிப்பார், அதற்குள் இன்னும் எத்தனையோ பேர் பெட்டிக்குள் கலந்துபோவார்கள். நான் கேட்கவில்லை. இரண்டு சேவரையும் நிறுத்தினேன். அந்தச் சொல்லைத் தட்டியதிலிருந்து அதுவரை பதினொரு நிமிடம். அன்று நான் சரியாகச் செய்த முதல் வேலை அதுதான்.

பணிப்பாளர் கீழே இறங்கி வந்தார். பின்னாலேயே பெட்டியை விற்ற கொழும்பு நிறுவனத்தின் பொறியியலாளர் தொலைபேசியில் ஒலிபெருக்கி வழியாக வந்தார். என்ன நடந்தது என்று இருவரும் கேட்டார்கள். இரண்டு சேவரும் ஒரே நேரத்தில் எழுதிவிட்டன என்றேன். அது எப்படி நடக்கும் என்று பொறியியலாளர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, சேமிப்பகத்தின் மென்பொருளில் ஒரு குறை இருக்கலாம், இந்த வகையில் வேறு இடத்திலும் ஏதோ கேள்விப்பட்டேன் என்றார்.

பணிப்பாளர் என்னைப் பார்த்தார். “அப்ப பெட்டியின்ரை பிழையோ?”

“பாக்கவேணும் சேர்,” என்றேன்.

அது பொய்யில்லை. உண்மையும் இல்லை. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது என்பது அந்த நேரத்தில் எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது. இல்லை, ஒருவருக்குத் தெரியும். சிவநேசன் செய்தி கேட்டு, தாயாரைக் கிளினிக்கிலேயே தங்கையோடு விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஹெல்மெட் கையில் இருந்தது. நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு போய்ச் சுவிச்சின் பின்பக்கத்தைக் கழற்றத் தொடங்கினார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

அதைப் பற்றி யோசிக்க அப்போது நேரமில்லை. அந்தப் பதினொரு நிமிடத்தில் யாருடைய முடிவு யாருடைய பெயரில் போனது, அதை யார் பார்த்தார்கள் என்பதுதான் முதல் கேள்வி. பெட்டியைக் கேட்டுப் பயனில்லை, அது சொல்வதை இனி நம்ப முடியாது. நல்லகாலமாக ஒவ்வொரு சேவரும் தன்னிடம் வந்தவற்றைத் தன் சொந்த வட்டில் ஒரு நாட்குறிப்புப் போல எழுதி வைக்கும். இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நாற்பத்தொரு பேர். பெயர்களை ஒரு தாளில் அச்சிட்டு, ஐந்து ஆய்வுகூடங்களையும் அழைத்தோம். இவர்களுடைய முடிவு எதுவாக வந்திருந்தாலும் நம்ப வேண்டாம், நோயாளிகள் இருக்கிற வாட்டுகளுக்குச் சொல்லுங்கள், இரத்தத்தை மறுபடி சோதித்துக் கையால் எழுதி அனுப்புங்கள் என்றோம். ஒரு பெயருக்கு ஆய்வுகூடம் சரி என்று சொன்னதும் நான் அந்த வரியில் ஒரு சரி போடுவேன்.

யஸ்ரினாவின் பட்டியலில் ஒன்பது பேர் இருந்தார்கள். எட்டு வாட்டுகள் தொலைபேசியை எடுத்தன. ஒன்று எடுக்கவில்லை. அந்த வாட்டில் இருந்தவர்தான் யஸ்ரினா கையில் ரியூபோடு என்னை அழைத்தபோது சொன்ன ஆள். நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்கிற நாகமணி என்கிற பெரியவர், எழுபதுக்கு மேல் வயது. மூன்று நாளாக வாந்தியும் வயிற்றோட்டமும். அவர் பெயரில் திரையில் வந்திருந்த முடிவு, பொற்றாசியம் மிகக் குறைவு என்றது. மூன்று நாள் வாந்தி எடுத்தவருக்கு அது குறைந்திருக்கும் என்று எந்த வைத்தியரும் நம்புவார். யஸ்ரினா அதற்குள் அவருடைய உண்மையான இரத்தத்தை மெசினில் வைத்து முடித்திருந்தார். சிறுநீரகம் களைத்துப்போய் அவருக்குப் பொற்றாசியம் கூடியிருந்தது. குறைவென்று நினைத்து மேலும் ஏற்றினால் இதயம் நின்றுபோகலாம்.

வாட்டுத் தொலைபேசி அடித்துக்கொண்டேயிருந்தது. யஸ்ரினா அதை வைத்துவிட்டு, மெசின் அச்சிட்ட துண்டையும் எடுத்துக்கொண்டு, வைத்தியசாலையின் ஒரு அந்தத்திலிருந்து மற்ற அந்தம் வரை ஓடினார். இதையெல்லாம் பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். அவர் போனபோது தாதி அப்போதுதான் பொற்றாசியம் கலந்த சேலைனைத் தொடுத்துவிட்டு நிமிர்ந்திருந்தாராம். யஸ்ரினாவுக்கு மூச்சு வாங்கியதில் கதைக்க முடியவில்லை. கையை நீட்டிக் குழாயைப் பூட்டும்படி சைகை காட்டினாராம். தாதியும் ஏனென்று கேட்காமல் பூட்டினாராம். உள்ளே போனது மிகக் கொஞ்சம். வைத்தியர் வந்தார், இதயத்துடிப்பைப் படம் எடுத்தார்கள், பொற்றாசியத்தைக் குறைக்க மருந்து கொடுத்தார்கள்.

பதினொன்றேகால் மணிக்கு யஸ்ரினா என்னை அழைத்து, ஆள் பரவாயில்லை என்றார். பிறகு, அவர் வழக்கமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

“இது எப்பிடி நடந்தது அக்கா?”

பிறகு சொல்லுறன் என்று வைத்தேன். வைத்துவிட்டு மேலே பணிப்பாளர் அறைக்குப் போனேன். ஒரு மனிதரின் கையில் ஏறிக்கொண்டிருந்த குழாயைப் பூட்ட வேண்டி வந்த பிறகு பெட்டியின் பிழை என்ற கதையைச் சுமந்துகொண்டு திரிய என்னால் முடியவில்லை. நாளைக்கு அந்த விற்பனை நிறுவனத்தின் ஆள் வந்து பெட்டியைக் கழற்றிப் பார்ப்பான், ஒன்றும் இல்லாத இடத்தில் தேடுவான், ஏதாவது ஒன்றை மாற்றிவிட்டு இனிச் சரி என்று சொல்லிப் போவான். வேலி அப்போதும் நின்றுதான் இருக்கும். வேறொரு திங்கட்கிழமை வரும்.

“சேர், பெட்டியிலை பிழை இல்லை,” என்றேன். “வேலியை நான்தான் நிப்பாட்டினனான். யூபிஎஸ் வந்த பிறகும் போடேல்லை. இண்டைக்குக் கீழை போய்ப் பாக்காமல் சேவர் செத்திட்டுது எண்டு சொன்னதும் நான்தான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“ஒரு மணித்தியாலத்துக்கு முன்னமே சொல்லியிருக்கலாம்,” என்றார் கடைசியில்.

“ஓம் சேர்.”

“முதல் அதைச் சரியாக்குங்கோ. பேந்து எல்லாத்தையும் எழுதித் தாங்கோ.”

சரியாக்குவதற்கு இரண்டு வழி இருந்தது. பெட்டியில் இருப்பதை இருந்த இடத்திலேயே திருத்துவது ஒன்று. கொழும்புப் பொறியியலாளர் அதைத்தான் சொன்னார், ஒரு மணி நேரத்தில் முடியும், பெரும்பாலும் சரியாக வரும் என்றார். மற்றது, அதிகாலையில் எடுத்த பிரதியிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து, சுவிச் செத்த நேரம் வரைக்கும் நடந்தவற்றை அதன்மேல் வரிசையாகப் போட்டு, அதற்குப் பிறகு வந்தவற்றைக் கையால் பதிவது. அதற்குப் பின்னேரமாகும். ஐந்து ஆய்வுகூடங்களும் அதுவரை தாளில் எழுத வேண்டும்.

பணிப்பாளருக்கு முதல் வழியில்தான் ஆசை. அவரைக் குறை சொல்லமாட்டேன். கிளினிக் வரிசை வைத்தியசாலை வாசல் வரைக்கும் வந்துவிட்டதென்று அவருக்கு அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. நான் அவரிடம் சொன்னது இதுதான். திருத்தினால் பார்ப்பதற்குச் சரியாக இருக்கும். காலையிலும் பார்ப்பதற்குச் சரியாகத்தான் இருந்தது, யஸ்ரினா ரியூபைக் கையில் வைத்திராவிட்டால் எங்களுக்குத் தெரிந்தேயிருக்காது. பெரும்பாலும் சரி என்றால், எந்த ஆளுக்குப் பிழை என்று தெரியாது. தாளில் எழுதுவது மெதுவாக இருக்கும், ஆனால் எந்த முடிவு யாருடையது என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியும்.

அவர் சிவநேசனைப் பார்த்தார். சிவநேசன், நானும் அதைத்தான் சொல்வேன் என்றார். அன்று காலை முழுவதும் அவர் என் முன்னால் சொன்ன முதல் வசனம் அது.

அதற்குப் பிறகு நடந்தது தொழில். உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. பின்னேரம் நாலு மணிக்குத் தரவுத்தளம் எழும்பியது, வேலியோடு. நாற்பத்தொரு பேருடைய முடிவையும் ஒவ்வொரு ஆய்வுகூடமும் தொலைபேசியில் வாசிக்க, நான் பதிய, சிவநேசன் பக்கத்தில் இருந்து சரிபார்த்தார். ஒவ்வொரு வரியிலும் இரண்டாவது சரி போட்டோம். தாள் நிறைந்தது. யஸ்ரினாவின் ஒன்பது பெயரையும் முடித்த பிறகு, காலையில் அவர் கேட்ட கேள்விக்கு அவருக்குப் பதில் சொன்னேன். அவர், “சரி அக்கா, சாப்பிட்டனீங்களோ” என்றார்.

விசாரணை நடந்தது. என் பதவியுயர்வு தள்ளிப்போனது. அது சரியானது. நீங்கள் கேட்ட விதியை எழுதியது அந்த விசாரணைக்காகத்தான். ஆனால் என் கதை அடுத்த நாள்தான் முடிந்தது.

மறுநாள் காலை நான் நாகமணி ஐயாவின் வாட்டுக்குப் போனேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. வைத்தியர் நடந்ததைப் பெரியவருக்குச் சொல்லிவிட்டார், ஆனால் கணினிக் கோளாறு என்றுதான் சொல்லியிருந்தார். நாகமணி ஐயா கட்டிலில் எழும்பி இருந்தார். மெலிந்த ஆள், நெற்றியில் திருநீறு. மகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன். இருங்கோ பிள்ளை என்று கதிரையைக் காட்டினார்.

நான் நின்றபடியே சொன்னேன். கோளாறு கணினியில் இல்லை, நான் செய்த பிழை, ஒரு பாதுகாப்பை நிறுத்திவிட்டுத் திரும்பப் போடவில்லை, பிறகு போய்ப் பார்க்காமல் கட்டளையைத் தட்டினேன், அதனால் வேறொருவருடைய றிப்போட் உங்களுடைய பெயரில் வந்துவிட்டது என்றேன். மகள் முகம் இறுகியது. எனக்கு அது நியாயமாகப் பட்டது. பெரியவர் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் கோபிப்பார், அல்லது பரவாயில்லை என்பார் என்று நான் இரண்டுக்கும் தயாராக இருந்தேன்.

“அப்ப எனக்கு வந்தது ஆரின்ரை றிப்போட்?” என்று கேட்டார்.

“வேறை ஒரு அம்மாவின்ரை, ஐயா. தென்மராட்சிப் பக்கத்து ஆஸ்பத்திரி.”

“அவவுக்குத்தான் உது குறைவு. அப்ப அவவுக்கு ஏத்தினவையோ?”

பட்டியலில் அந்த அம்மா பதினேழாவது வரி. பெயருக்குப் பக்கத்தில் என் கையால் போட்ட இரண்டு சரி இருந்தது. அவருடைய ஆய்வுகூடத்துக்குச் சொன்னோம், திருத்திய முடிவைப் பதிந்தோம். அதற்குப் பிறகு அவருக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. நேற்று முழுவதும் நான் பயந்தது கூடுதலாக ஏற்றப்பட்ட இந்த மனிதருக்காக. ஏற்ற வேண்டியது ஏற்றப்படாமல் ஒரு மணி நேரம் காத்துக்கிடந்த ஒரு பெண் மறுபக்கத்தில் இருந்தார் என்பது என் மனதில் வரவேயில்லை. ஒரு முடிவு இடம் மாறினால் இரண்டு பேர் இருப்பார்கள். இருபது வருடம் தரவுத்தளங்களோடு இருந்த எனக்கு அதை வாழைத்தோட்டக்காரர் ஒருவர் கேட்க வேண்டியிருந்தது.

கொஞ்சம் பொறுங்கோ ஐயா என்று வெளியே விறாந்தைக்குப் போய் அந்த வைத்தியசாலையை அழைத்தேன். ஆய்வுகூடத்துக்கு, அங்கிருந்து வாட்டுக்கு. தாதி கொப்பியைப் பார்த்துச் சொன்னார். நேற்று மதியத்துக்கு முன்பே மருந்து தொடங்கிவிட்டார்கள், காலையில் மறுபடி சோதித்தபோது சரியாக இருந்தது, நாளைக்கு வீட்டுக்கு விடுவார்கள்.

உள்ளே வந்து சொன்னேன். அவர் ஆறுதலாகத் தலையாட்டினார். மகளிடம் கஞ்சிக் கோப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“எனக்கு வந்து சொன்ன மாதிரி அவவுக்கும் ஒருக்காப் போய்ச் சொல்லிப்போடுங்கோ பிள்ளை,” என்றார்.

நான் அலுவலகத்துக்குத் திரும்பவில்லை. பஸ் நிலையத்துக்கு நடந்துபோய், தென்மராட்சிப் பக்கம் போகிற முதல் பஸ்ஸில் ஏறினேன்.